23 வயசு குதிரைக்கு இடம் தேடினப்போ போன் பண்ணின ஆளுங்க

பேரு தான் மின்னல். வயசு 23, முன்னங்கால் ரெண்டுலயும் மூட்டுத் தேய்மானம், சவாரிக்கு எடுக்கறத நிறுத்தி ரொம்ப நாளாச்சு. நாங்க அவன வெச்சிருந்த லாயத்த மூடப் போறாங்கன்னு சொன்னப்போ பக்கத்துல இருக்கிற மத்த லாயமெல்லாம் கேட்டுப் பாத்தேன், வயசச் சொன்னதுமே "இடம் இல்லையே"ன்னுட்டாங்க. சரின்னு "சவாரிக்கு ஆகாது, துணைக்கு வெச்சுக்க நல்ல இடம் வேணும், இலவசமா தரோம்"னு ஒரு விளம்பரம் போட்டேன். போட்ட அன்னிக்கே போன் அடிக்க ஆரம்பிச்சுது, அதுல பாதிப் பேருக்கு மேல ஏதோ ஒரு விதத்துல டுபாக்கூர்.

கிழட்டுக் குதிரைய ஏமாத்தி வாங்கி என்ன பண்ணப் போறாங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க. நம்ம கண்ணுக்குத்தான் அது ஓஞ்சு போன குதிரை, அவங்க கண்ணுக்கு அது 500 கிலோ எடை. அடிமாட்டு வியாபாரம் மாதிரியே குதிரைக்கும் இருக்கு, எடைக்கு வாங்கி எடைக்கு விக்கறது. அமெரிக்காவுல கடைசியா இருந்த குதிரை வெட்டுற ஆலைங்க 2007லயே மூடிட்டாங்க, ஆனா வியாபாரம் நிக்கல, லாரில ஏத்தி மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் அனுப்பினாங்க. 2013ல ஐரோப்பாவுல மாட்டுக்கறின்னு வித்த பாக்கெட் சாப்பாட்டுல குதிரைக்கறி இருந்தது வெளிய வந்துச்சே, அதுக்குப் பின்னாடியும் பொய்க் கணக்கும் பொய்ப் பேப்பரும் தான்.

கறிக்குப் போகலைன்னா இன்னொரு வழி இருக்கு, அது எனக்கு இன்னும் பயமான வழி. பியூட்டுன்னு சொல்ற வலி மருந்து, ஃபினைல்பியூட்டசோன், அத குடுத்தா நொண்டுற குதிரை கொஞ்ச நாளைக்கு நேரா நடக்கும். கூடவே மயக்க மருந்த லேசா போட்டா துள்ளுற குதிரை கூட பசு மாதிரி நிக்கும். அப்படியே "12 வயசு, ரொம்ப சாது, குழந்தைங்க ஏறலாம்"னு வித்துடுவாங்க. மருந்து இறங்கினதுக்கு அப்புறம் வாங்கினவன் வீட்டுப் புள்ள தான் கீழ விழும்.

வயச எப்படி மறைப்பாங்கன்னா, நிறைய பேருக்குப் பல்லு பாக்கத் தெரியாது, அவ்ளோ தான். மேல்தாடை முன்பல் வரிசையோட ஓரப் பல்லுல ஒரு கோடு மாதிரி பள்ளம் இருக்கும், சுமார் 10 வயசுல ஈறு பக்கத்துல தெரிய ஆரம்பிச்சு 15ல பாதி இறங்கி 20ல முழுப் பல்லுக்கும் வந்துடும், அப்புறம் மேல இருந்து மறைய ஆரம்பிக்கும். ரொம்பத் துல்லியம்னு சொல்ல முடியாது, ஆனா 23ஐ 12ன்னு சொன்னா மாட்டிக்கும். தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்காதேம்பாங்க, இங்க தானம் குடுக்கறவன் தான் வாங்க வர்றவன் பல்லப் புடிச்சுப் பாக்கணும்.

முதல்ல வந்த போன் ஒரு அம்மாவோடது. பேச்சு அவ்ளோ இதமா இருந்துச்சு, பொண்ணுக்கு குதிரைன்னா உசுரு, பெரிய இடம் இருக்கு, வயசானதுங்கள கடைசி வரைக்கும் வெச்சுப் பாத்துப்போம்னு. இடம் எங்கன்னு கேட்டா ஊர்ப் பேரு மட்டும், அட்ரஸ் இல்ல. நான் வந்து பாக்கறேன்னா "எதுக்குங்க உங்களுக்கு வீண் அலைச்சல், நாளைக்கே எங்க வண்டி அந்தப் பக்கம் வருது, ஏத்திக்கறோம்". இதெல்லாம் கூட அவசரக்காரங்கன்னு விட்டுடலாம். அவங்க கேட்ட கேள்வி தான் உறுத்துச்சு. என்ன எடை இருப்பான், பியூட் குடுத்தீங்களா, குடுத்தது பேப்பர்ல ஏறியிருக்கா. மருந்து பத்தி நல்லவங்களும் கேப்பாங்க, ஆனா அவங்க எவ்ளோ டோஸ், எந்தக் காலுக்கு, வயிறு தாங்குதான்னு கேப்பாங்க. பேப்பர்ல ஏறியிருக்கான்னு எதுக்குக் கேக்கணும்? பியூட் குடுத்த குதிரை மனுஷன் சாப்பிடற கறிக்கு ஆகாது, ஐரோப்பாவுல அத குதிரையோட அடையாளப் பேப்பர்லயே, பாஸ்போர்ட்னு சொல்வாங்க, அதுல குறிக்கணும். கறிக்குப் போகுமா போகாதான்னு தெரிஞ்சுக்க வேண்டிய ஆளுக்குத்தான் பேப்பர் முக்கியம். உங்க கால்நடை டாக்டர் நம்பரும் லாடம் அடிக்கறவர் நம்பரும் குடுங்க, பேசிட்டு சொல்றேன்னேன். அனுப்பறேன்னு வெச்சவங்க தான், அதுக்கப்புறம் போனே எடுக்கல.

அந்த ரெண்டு நம்பர் கேக்கறது எனக்கு எங்க வெட்னரி டாக்டர் சொல்லிக் குடுத்தது. பிரெண்ட்ஸ் நம்பர் யார் வேணா குடுப்பாங்க, அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. குதிரை வெச்சிருக்கிற எவனும் குளம்ப ஆறுல இருந்து எட்டு வாரத்துக்கு ஒருக்கா வெட்டி சரி பண்ணியே ஆகணும், லாடம் இல்லாத குதிரைக்கும் இது உண்டு, அதனால அந்த ஆளுக்கு எல்லாம் தெரியும், எத்தனை குதிரை இருக்கு, எது எப்போ காணாம போச்சு, பணம் ஒழுங்கா வருதா எல்லாமே. டாக்டர் நம்பரையும் அவங்க குடுத்த நம்பர்ல பேசாம கிளினிக் நம்பர நீங்களே தேடி எடுத்துப் பேசுங்க, ஏன்னா ஒருத்தர் குடுத்த "டாக்டர்" நம்பர்ல பேசினா பின்னாடி அதே டீவி சத்தம், அதே குரல கொஞ்சம் கட்டையாக்கிப் பேசறாரு. சிரிச்சுட்டு வெச்சுட்டேன்.

நடுவுல சிலர் இலவசம்னு போடாதீங்க, சின்னதா ஒரு விலை போட்டா கறிக்காரன் வரமாட்டான்னாங்க. நீங்க போடற விலை கறி விலைய விடக் குறைவா இருக்கிற வரைக்கும் அவனுக்கு லாபம் தானே, எப்படி வராம இருப்பான்? ஆனாலும் போட்டுப் பாத்தேன், அதுக்கு வேற ரகம் வந்துச்சு. குதிரையப் பத்தி ஒரு கேள்வி இல்ல, போட்டோல பாத்ததே போதும்னு, கேட்டதுக்கு மேல காசோலை அனுப்பறேன், மிச்சத்த வண்டிக்காரருக்கு நீங்களே குடுத்துடுங்கன்னு. காசோலை போலி, அது திரும்பி வர்றதுக்குள்ள நாம குடுத்த மிச்சம் போயிடும், இது கார் விக்கறவங்க சோபா விக்கறவங்க எல்லாருக்கும் நடக்கற பழைய வேலை. இத பத்தி இதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல.

என்னைய நிஜமாவே ஆட்டி வெச்சது வேற ஒண்ணு. முதியோர் குதிரைக் காப்பகம்னு சொல்லிட்டு ஒருத்தர் பேசினாரு, பணிவான ஆளு, நிறைய போட்டோ கேட்டாரு, பக்கவாட்டுல, முகம், எலும்பு தெரியற மாதிரி விலாப் பக்கம். அனுப்பினேன். சேக்கறதுக்கு முன்னாடி ஒரு நன்கொடை கட்டணும்னாரு, பதிவு எண் கேட்டேன், வருது வருதுன்னாரு. கொஞ்ச நாள் கழிச்சு லாயத்துல கூட வேலை பாக்கற பொண்ணு ஒரு போஸ்ட காட்டிச்சு. அதுல என் மின்னல். பேரு வேற, "இறைச்சிக்கூடத்து வாசல்ல நிக்கிறான், வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டலைன்னா முடிஞ்சான்"னு எழுதி கீழ அக்கவுண்ட் நம்பர். பின்னங்கால் இடது பக்கம் மட்டும் வெள்ளை, பின்னாடி காது உடைஞ்ச எங்க நீல வாளி, அத வெட்டி எடுக்கக் கூட மெனக்கெடல. கீழ எத்தனை பேர் அழுது பணம் அனுப்பியிருக்காங்க தெரியுமா. நான் படிக்கற நேரத்துல அவன் எனக்கு ரெண்டடி தள்ளி நின்னு வைக்கோல் வலைய இழுத்து இழுத்து தின்னுட்டிருக்கான். வந்த கோவத்துக்கு அளவே இல்ல. அதே போஸ்ட்ல இன்னிக்குத் தேதி எழுதின பேப்பரோட அவன் போட்டோவப் போட்டு "இவன் நல்லா இருக்கான், பணம் அனுப்பாதீங்க"ன்னு எழுதினேன், ஒரு மணி நேரம் கூட ஆகல, என்ன பிளாக் பண்ணிட்டாங்க. குதிரைய வாங்காமலே குதிரைய வெச்சு சம்பாதிக்கலாம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நிஜமான காப்பகங்க இருக்கு, நல்லா நடத்தறவங்க இருக்காங்க, அவங்க பதிவு எண்ண கேக்கறதுக்கு முன்னாடியே சொல்றாங்க, நேர்ல வந்து பாருங்கன்னும் சொல்றாங்க. ஆனா அங்கெல்லாம் இடம் கிடைக்கறது கஷ்டம், வரிசை நீளம்.

கடைசில கிடைச்சது லாடம் அடிக்கறவர் மூலமாத்தான். அவர் போற வீடு ஒண்ணுல ஒரு பெரியவர், வெச்சிருந்த ரெண்டுல ஒண்ணு செத்துப் போச்சு, மிச்சம் இருக்கிறது தனியா நின்னு வேலி ஓரமா நடந்துட்டே இருக்கு, சாப்பாடு எடுக்கல. பெரியவர் என் கிட்ட சிரிச்சுக் கூடப் பேசல. வந்தவுடனே மின்னல் தின்னுட்டு இருந்த இடத்துல குனிஞ்சு, கீழ கிடந்த புல்லு உருண்டைய எடுத்துப் பிச்சுப் பாத்தாரு, பாதி மென்னு துப்பினது. "கடைவாய்ப் பல்லு போச்சு போல, ஊற வெச்சுத் தான் குடுக்கணும், நீங்க எத்தனை வேளை குடுக்கறீங்க?"ன்னாரு. வந்தவங்க எல்லாரும் முகத்தப் பாத்து அழகா இருக்கான்னாங்க, கீழ பாத்தது இவர் ஒருத்தர் தான். நான் அவர் இடத்துக்குப் போனேன், முதல் தடவை சொல்லிட்டு, அடுத்த தடவை சொல்லாம. சொல்லாமப் போனப்பயும் தண்ணித் தொட்டி சுத்தமாத்தான் இருந்துச்சு. டாக்டரும் நல்ல விதமா சொன்னாரு.

அப்பவும் மின்னல எழுதிக் குடுக்கல. இது தான் இதுல பெரிய விஷயம். நிறைய பேர் "திரும்ப விக்கறதா இருந்தா எனக்குத் தான் முதல்ல சொல்லணும்"னு ஒரு வரி எழுதி வாங்கிட்டு நிம்மதியா இருக்காங்க, உரிமைய மாத்திக் குடுத்துட்டா அந்த வரிய மீறினவன் மேல கேஸ் போடலாம், அதுக்குள்ள குதிரை எத்தனை கை மாறியிருக்கும், உசுரோட இருக்குமா? அதனால உரிமை என் பேர்லயே, அவர் கிட்ட இருக்கிறது பாத்துக்கற பொறுப்பு மட்டும். விக்கக் கூடாது, வேற இடத்துக்கு மாத்தணும்னா எழுத்துல கேக்கணும், நான் எப்ப வேணா வந்து பாக்கலாம், எப்ப வேணா திரும்பக் கூட்டிட்டுப் போகலாம், தீனி அவர் செலவு, வைத்தியம் என் செலவு. தோலுக்கு அடியில போட்டிருக்கிற அடையாளச் சிப், அந்த மைக்ரோசிப் பதிவுல என் நம்பர் தான், ஒரிஜினல் பேப்பர் என் கிட்ட, அவருக்கு நகல். எங்க ஊருக்கு இது சரி, உங்க நாட்டுச் சட்டத்துல பேப்பர் குதிரையோடவே இருக்கணும்னா அப்படியே செய்யுங்க, கேட்டுக்கோங்க.

ஒப்படைக்கறதுக்கு முன்னாடி டாக்டர் வந்து கழுத்து இடது பக்கம் சிப் ரீடர வெச்சு 15 இலக்க நம்பர் பேப்பரோட ஒத்துப் போகுதான்னு பாத்தாரு. நெத்திச் சுழி, கழுத்துச் சுழி, அந்தப் பின்னங்கால் வெள்ளை எங்க முடியுதுன்னு எல்லாம் படம் வரைஞ்சு எழுதினாரு. சுழி ராசி பாக்கறதுக்குன்னு தான் நினைச்சிருப்பீங்க, அடையாளத்துக்கும் அது தான், சிப்ப எடுத்துட்டாலும் சுழிய மாத்த முடியாது. வண்டி நான் ஏற்பாடு பண்ணினது, நானும் கூடவே போனேன்.

ஒப்பந்தத்துல எழுதத் தயங்கின ஒரே விஷயத்த பெரியவர் தான் கேட்டாரு, ராத்திரி மின்னலுக்கு வயித்துவலி வந்து நீங்க போன் எடுக்கலைன்னா யார் முடிவு பண்றது? டாக்டர் பிழைக்காதுன்னா ஊசி போட்டு அனுப்பச் சொல்ல பெரியவருக்கு உரிமைன்னு எழுதினோம். இத எழுதாம விட்டுட்டு குதிரை விடிய விடிய புரண்டு துடிச்ச கதை எனக்குத் தெரியும். அதோட, இடமே கிடைக்கலைன்னா அந்த அம்மாவோட வண்டில ஏத்தறதுக்குப் பதிலா நானே டாக்டர வர வெச்சு அவன அமைதியா அனுப்பியிருப்பேன், இத சொன்னா சிலருக்குக் கோவம் வரும், வரட்டும்.

விளம்பரத்த எடுத்துட்டேன், ஆனா எடுத்த போட்டோங்க இன்னும் சுத்திட்டுத்தான் இருக்கு. போன மாசம் கூட மின்னல் வேற ஒரு பேர்ல, வேற ஒரு வெள்ளிக்கிழமைக்குள்ள சாகப் போறதா ஒருத்தர் எனக்கே அனுப்பி "முடிஞ்சா உதவுங்க"ன்னாரு. இமேஜ் சர்ச்ல போட்டு எங்கெங்க இருக்குன்னு பாத்து ஒவ்வொண்ணா ரிப்போர்ட் பண்ணிட்டிருக்கேன். நீங்க போட்டோ போடறதா இருந்தா குதிரை உடம்பு மேலயே விழற மாதிரி குறுக்க உங்க நம்பர எழுதிட்டுப் போடுங்க, ஓரத்துல எழுதினா வெட்டிடுவாங்க.