கம்பெனி எது என்று கேட்டார்கள்

போன மாதம் என் வங்கிக் கணக்கில் முதல் 3,000 ரூபாய் ஏறியது. நலிந்த கலைஞர்களுக்கு அரசு தரும் மாத உதவித்தொகை. படிவத்தைக் கையில் வாங்கிய நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் ஒன்றே முக்கால் வருடம் ஆகியிருக்கிறது. நிம்மதிதான். ஆனாலும் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. 37 வருடம் ஸ்திரீபார்ட், அதாவது நாடகத்தின் கதாநாயகி வேடம் கட்டியவள் நான். எத்தனை ஊர் மேடையில் 'வள்ளி திருமணம்' நாடகத்தின் வள்ளியாக நின்று, தினைப்புனத்தில் பறவை விரட்டும் ஆலோலம் பாடினேன் என்று எனக்கே தெரியாது. அதற்குத்தான் என்னிடம் ஆதாரம் கேட்டார்கள்.

முதல் நாளே முட்டிக்கொண்டது. "எந்த நாடகக் கம்பெனி அம்மா? அவர்களிடம் ஒரு சான்றிதழ் வாங்கி வாருங்கள்" என்றார் எழுத்தர். கம்பெனி இல்லை, ஸ்பெஷல் நாடகம் என்றேன். "கம்பெனி இல்லாமல் நாடகம் எப்படி நடக்கும்?" என்று கேட்டுவிட்டு, அடுத்தவரின் தாளை வாங்கிக்கொண்டார்.

அவர் கேட்பது நூறு வருடத்துக்கு முந்தைய கதை. 1918இல், எங்கள் நாடகங்களையும் பாட்டுகளையும் எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் கம்பெனியைத் தொடங்கிய காலத்தில் கம்பெனி இருந்தது. பையன்களைத் தங்கவைத்துச் சோறு போட்டுப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். எங்களுக்கு முதலாளி யார்? ஊர்க்காரர்கள் முகவரிடம் சொல்கிறார்கள், முகவர் டைரியில் தேதி குறிக்கிறார். கதாநாயகனான ராஜபார்ட் திண்டுக்கல்லிலிருந்து வருவார், கோமாளியான பபூன் மதுரையிலிருந்து வருவார், ஆர்மோனியம் காரைக்குடியிலிருந்து வரும். இரவு ஒன்பது மணிக்கு மேடைக்குப் பின்னால்தான் சில பேரை முதன்முதலாகப் பார்ப்பேன். ஒத்திகை கிடையாது. பத்து மணிக்கு ஆர்மோனியம் தொடங்கினால் விடியும்போது மங்களம். சுவாமிகளின் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால், நாரதராக யார் வந்தாலும் அவரோடு நான் மேடையில் வாதாடித் தர்க்கம் பண்ணுவேன். இதை நாற்காலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒருவருக்கு விளக்குவது, விடிய விடிய ஆடுவதைவிடக் கடினமாக இருந்தது.

கம்பெனிச் சான்றுக்குப் பதிலாக நாடக நடிகர் சங்கத்தின் கடிதம் போதும் என்று இரண்டாம் முறை போனபோது இன்னொருவர் சொன்னார். முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு பயணம் மிஞ்சியிருக்கும். சங்கத்தில் என் சந்தா நின்றுபோயிருந்தது. 2020 பங்குனியில் ஊரடங்கு வந்தபோது டைரியில் இருந்த தேதி ஒன்றுகூட நடக்கவில்லை. மறு வருடமும் சித்திரை, வைகாசி போயிற்று. சோற்றுக்கே கடன் வாங்கிய நாளில் சந்தாவை யார் நினைத்தார்கள்? நிலுவையைக் கட்டினேன், அன்றைக்கே கடிதம் கொடுத்தார்கள். சந்தாவை மட்டும் விட்டுவிடாதீர்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இல் வந்தபோதே பதிந்துகொள்ளச் சொன்னார்கள். நான் பதியவில்லை. அப்போது கையில் நாடகம் இருந்தது, வாரிய அட்டை எதற்கு என்று இருந்துவிட்டேன். இளையவர்கள் இன்றைக்கே பதியுங்கள்.

அடுத்து அனுபவச் சான்று. பழைய நோட்டீஸ் கொண்டு வாருங்கள் என்றார்கள். என் மேக்கப் பெட்டியின் அடியில் விரித்திருந்த தாள்கள்தான் மிச்சம். கரையான் அரித்தது போக 14 தேறின. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஆங்கில வருடமே இல்லை. நம் நோட்டீஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: 'நிகழும் மங்களகரமான பிரபவ வருஷம் பங்குனி மாதம்' என்று தொடங்கி, கிழமையும் சாமி பெயரும் ஊர்ப் பெயரும் இருக்கும். எழுத்தர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தேதியில்லாத நோட்டீஸ் செல்லாது" என்றார். தேதி கண்ணெதிரே இருக்கிறது! பிரபவ வருஷம் என்றால் 1987 சித்திரையில் தொடங்கி 1988 பங்குனியில் முடிந்தது. ஆகவே அந்த நாடகம் 1988 மார்ச்சிலோ ஏப்ரலிலோ நடந்தது. "அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் வருமே, எந்தப் பிரபவ என்று எப்படி நம்புவது?" என்று கேட்டார். அதற்கு முந்தைய பிரபவ 1927இல் வந்தது. என் அம்மாவே அப்போது பிறக்கவில்லை. சொன்னேன். அவர் தலையைத் தூக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பஞ்சாங்கத்தில் இருக்கும் அறுபது வருடப் பட்டியலை வெள்ளைத் தாளில் எடுத்து எழுதி, ஒவ்வொரு நோட்டீஸின் நகலிலும் பக்கத்தில் ஆங்கில வருடத்தைக் குறித்து, பட்டியலையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்தேன். அடுத்த முறை வேறொருவர் அந்த நாற்காலியில் இருந்தார். ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொண்டார். நீங்களும் இதைச் செய்துவிட்டே போங்கள்.

ஆனால் பெயர்? நோட்டீஸில் என் பெயருக்கு முன்னால் ஊர் இருக்கிறது, அதற்கும் முன்னால் ஒரு பட்டம் இருக்கிறது. பெயரே வேறு, முதல் மேடையில் ஆர்மோனியக்கார அண்ணன் வைத்தது. ஆதாரில் இருப்பது என் சொந்தப் பெயர், எனக்கு வைத்த பாட்டியின் பெயர். நோட்டீஸில் இருக்கும் படத்தில் எனக்கு வயது 23, தலையில் ராக்கொடி, நெற்றிச்சுட்டி. "இது நீங்கள்தானா அம்மா?" என்று அந்த அறையில் எல்லோர் முன்பும் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வழக்கறிஞரிடம் போய் முத்திரைத்தாளில் இரண்டு பெயரும் ஒருவரே என்று உறுதிமொழி எழுதி வாங்கினேன். அதையும் ஏற்க மாட்டேன் என்றார்கள். அந்தப் பெயரில் நான் நடித்ததை வேறு யாராவது உறுதிப்படுத்த வேண்டுமாம்.

அப்போதுதான் அந்த ஊர் நினைவுக்கு வந்தது. சிவகங்கைப் பக்கத்தில் ஓர் அம்மன் கோவில். வருடம் தவறாமல் வள்ளி திருமணம் போடுகிற ஊர். பதினோரு வருடம் அங்கே நான்தான் வள்ளி. இரண்டு பஸ் மாறிப் போனேன். என்னை அழைத்த பெரியவர்களில் ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார், அவருக்கும் பார்வை மங்கிவிட்டது. குரலை வைத்தே "வள்ளி வந்திருக்கிறாளா?" என்றார். பேரனைக் கூப்பிட்டுக் கோவில் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே திருவிழாக் கணக்கு நோட்டுகள், வருடத்துக்கு ஒன்று. மைக்செட், பந்தல், பூ, வாணவேடிக்கை, அதற்குக் கீழே நாடகச் செலவு. ஒவ்வொரு வேடத்துக்கும் தனி வரி. என் மேடைப் பெயர், முன்பணம் 51 ரூபாய், பக்கத்தில் நான் போட்ட கையெழுத்து. கையெழுத்து மேடைப் பெயரில் இல்லை. என் சொந்தப் பெயரில்! படிப்பறிவு கொஞ்சமே இருந்த காலம், எழுதத் தெரிந்த ஒரே பெயரைப் போட்டிருக்கிறேன். இரண்டு பெயரும் ஒரே வரியில். ஏழு நோட்டுகளில் அப்படி இருந்தது.

அந்தப் பக்கங்களை நகல் எடுத்து, கோவில் நிர்வாகிகள் கையெழுத்திட்ட கடிதத்தோடு கொடுத்த பிறகு யாரும் என்னிடம் பெயரைப் பற்றிப் பேசவில்லை. மேடையில் ஒன்ஸ்மோர் கேட்டபோதுகூட நான் அப்படி மகிழ்ந்ததில்லை.

வருமானச் சான்று இ-சேவை மையத்தில் 60 ரூபாய், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலே போய் மூன்று வாரத்தில் வந்தது. மையத்தில் விவரம் பதிந்த பிள்ளை என் பெயரில் ஓர் எழுத்தைத் தவறவிட்டதால் மறுபடி ஒரு 60. திரையில் எழுத்தைக் காட்டச் சொல்லிப் படித்துப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அன்றைக்கு மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். எனக்கு வேண்டியவர் இருக்கையில் இல்லை, மதியம் வருவார் என்றார்கள், நான்கு மணி வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் வலியோடு திரும்பிய அந்த நாளில்தான், விட்டுவிடலாம் என்று முதன்முதலாகத் தோன்றியது. பெட்டியிலிருந்த 14 தாளையும் எடுத்துப் பார்த்துவிட்டு மறுநாளே மீண்டும் போனேன்.

இப்போது எங்கள் மிருதங்கக்கார அண்ணனுக்காக அலைகிறேன். அவருக்கு 71 வயது. எனக்கு வாசித்த கை இப்போது நடுங்குகிறது. நோட்டீஸில் நடிகர்களுக்குப் படம் போடுவார்கள். பக்கவாத்தியக்காரர்களுக்கு அடியில் சிறிய எழுத்தில் பெயர் மட்டும்தான், பல நோட்டீஸில் அதுவும் இல்லை. என்னிடம் இருப்பவற்றில் இரண்டில்தான் அவர் பெயர் தெரிகிறது. 1985 முதல் 2005 வரை புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் நடந்த நாடகங்களின் நோட்டீஸ் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் எடையில் போட்டுவிடாதீர்கள். கடைசி வரி வரை படித்துப் பாருங்கள். ஊர்த் திருவிழா நோட்டுகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.