தமிழில் எழுத எந்தத் தளம்? முதலில் பின்கதவைப் பாருங்கள்

திருகோணமலையில் இருந்துகொண்டு தமிழில் தனியாக ஒரு வலைப்பதிவு தொடங்குபவர்கள் பெரும்பாலும் தளத்தின் அழகைப் பார்த்துத்தான் தெரிவு செய்கிறார்கள். அதைப் பிறகு பார்க்கலாம். எழுதியதையெல்லாம் அள்ளிக்கொண்டு வெளியேற வழி இருக்கிறதா, முகவரி உங்கள் பெயரில் இருக்கிறதா என்பதுதான் முதற்கேள்வி. மக்கள் எழுதிக் குவித்த தளங்களான ஜியோசிட்டிஸ் 2009இலும் போஸ்டரஸ் 2013இலும் மூடப்பட்டன. இருபது ஆண்டுக்கு மேல் ஓடிய டைப்பேட்கூட 2025 செப்டெம்பர் 30உடன் நின்றுபோனது.

சொந்தமாக ஹோஸ்டிங் (இணையத்தில் வாடகை இடம்) வாங்கி வேர்ட்பிரஸ் மென்பொருளைப் போடுவதில் சுதந்திரம் அதிகம், ஆனால் ஆண்டுக் கட்டணம் பெரும்பாலும் டொலரில். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு மேல் போனபோது, அதே கட்டணம் ரூபாவில் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. பக்கங்களைக் கோப்புகளாக நாமே ஏற்றும் கிட்ஹப் பேஜஸ் இலவசம், வேகமும் நல்லது. கைபேசியில் மட்டும் எழுதுபவருக்கு அது வீண் தலைவலி. மிச்சமிருப்பவை கூகுளின் புளொக்கரும் வேர்ட்பிரஸ்.கொம் இலவசக் கணக்கும். பிந்தியதில் விளம்பரம் வரும், சொந்த டொமைன் (உங்கள் பெயரிலான முகவரி) போடக் காசு கட்டவேண்டும். புளொக்கரில் சொந்த டொமைன் இணைக்கத் தனிக் கட்டணம் இல்லை. அதனால் எங்கள் தெரிவு புளொக்கர், அதன் வடிவமைப்பு பழசுதான் என்றாலும்.

தமிழுக்கென்றே ஒரு சிக்கல் இரண்டிலும் உண்டு. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் புளொக்கர் அதை முகவரியாக்காது. ஆங்கில எழுத்தில் ‘பிளாக்-போஸ்ட்’ என்று போட்டு, அடுத்தடுத்த பதிவுகளுக்குப் பின்னால் எண் ஒட்டிவிடும். வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும், ஆனால் முகவரிக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியும். மெய்க்கு மேலுள்ள புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். ‘கன்னியா வெந்நீரூற்று’ என்பதில் 19 குறியீடு, இடைக்கோட்டையும் சேர்த்தால் 172 எழுத்து. எல்லை 200. ‘வரலாறு’ என்று அடுத்த சொல்லைச் சேர்த்தால் பாதியிலேயே அறுந்துவிடும். வட்ஸ்அப்பில் பகிர்ந்தால் ஒரு முழப் பூச்சரம் போலச் சதவீதக் குறிகள் தொங்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: வெளியிடுவதற்கு முன்பே, பதிவின் முகவரியைத் தீர்மானிக்கும் நிரந்தர இணைப்புப் பெட்டியைத் திறந்து, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் தட்டுங்கள். புளொக்கரில் பிறகு மாற்றுவதானால் பதிவை மறுபடி வரைவாக்க வேண்டும். அதற்குள் பகிரப்பட்ட இணைப்புகள் செத்துவிடும்.

டொமைன் இணைக்கும்போது புளொக்கர் இரண்டு சிநேம் பதிவுகள் (ஒரு பெயரை இன்னொரு முகவரிக்குத் திருப்பும் டொமைன் குறிப்புகள்) தரும். ஒன்று மூன்று டபிள்யூவுக்கு. மற்றது உங்களுக்கு மட்டுமே உரிய உறுதிப்படுத்தல் குறி. பிழை 12 என்று சிவப்பில் வந்தால் பதறவேண்டாம், அந்த இரண்டையும் காட்டுவதே அந்தச் செய்திதான். டொமைன் விற்றவரின் பக்கத்தில் பெயர்ப் பெட்டிக்குள் குறியை மட்டும் ஒட்டுங்கள். முழு முகவரியையும் ஒட்டினால், பல இடங்களில் டொமைன் பெயர் தானாக இன்னொரு தரம் சேர்ந்துகொள்ளும். பிழை 12 போகவே போகாது. இணைந்ததும் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பை இயக்குங்கள். அது எடுபடச் சில மணிநேரம் ஆகலாம்.

பழைய கட்டுரைகள் பாமினி எழுத்துருவில் இருந்தால், எல்லாக் கருவிக்கும் பொதுவான யுனிகோடுக்கு மாற்றியே ஏற்றுங்கள். எழுத்துரு இல்லாத கைபேசியில் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் தெரியும். தேடுபொறிக்கும் அது தமிழே அல்ல.

திருகோணமலைக் கோட்டைக்குள் மேயும் மானைக் கைபேசியில் எடுத்தால் ஒரு படம் 4 மெகாபைட் வரும். வேர்ட்பிரஸ் இலவசக் கணக்கின் 1 ஜிகாபைட்டில் அப்படி 250 படம்தான் கொள்ளும். அகலத்தை 1600 புள்ளிகளாகக் குறைத்தால் பெரும்பாலும் 300 கிலோபைட் அளவில் நிற்கும், மூவாயிரத்துக்கு மேல் ஏற்றலாம்.

காப்புக் கோப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இறக்குங்கள். எழுத்தும் பின்னூட்டமும் அதற்குள் இருக்கும். படங்களுக்கு முகவரி மட்டுமே. மூலப் படங்களை ஆண்டுவாரியாக வேறொரு கோப்புறையில் போட்டு வையுங்கள்.