புற்றுக்கட்டிகளின் பரிணாம மரம்: வாய்மொழித் தேர்வு கற்றுத் தந்தது

முதுநிலை ஆய்வேட்டிற்காக, ஒரே நோயாளியின் கட்டியில் ஐந்து இடங்களிலிருந்து எடுக்கப்பட்ட மாதிரிகளின் டி.என்.ஏ. தரவைக் கொண்டு பரிணாம மரம் ஒன்றை, அதாவது கட்டியின் செல்களில் மாற்றங்கள் எந்த வரிசையில் தோன்றின என்று காட்டும் வரைபடத்தை, உருவாக்கியிருந்தேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஒரு கிளையின் மேல் பேனாவை வைத்து, "இந்தச் சடுதிமாற்றம் ஏன் அடிமரத்தில் இல்லை?" என்று கேட்டார். சடுதிமாற்றம் என்பது டி.என்.ஏ.வில் நிகழும் மாற்றம்; கட்டியின் எல்லாப் புற்றுச் செல்களுக்கும் பொதுவான மாற்றங்களின் இடமே அடிமரம். மரத்தை வரைந்தது மென்பொருள் என்பதால், என்னால் விடை சொல்ல முடியவில்லை.

பிழை எளிய கணக்கில் இருந்தது. ஒரு மாதிரியில் அந்த இடத்தைப் படித்த 100 டி.என்.ஏ. துண்டுகளில் 30இல் சடுதிமாற்றம் இருந்ததால், 30 விழுக்காடு செல்களில்தான் அது உள்ளது என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்த மாதிரியில் புற்றுச் செல்கள் 60 விழுக்காடு. மீதி 40 துண்டுகள் இயல்பான செல்களுடையவை. ஒவ்வொரு செல்லிலும் மரபணுவுக்கு இரண்டு நகல்கள் இருக்க, ஒன்றில் மட்டுமே மாற்றம் நிகழ்ந்திருந்தால், 60இல் பாதியான 30 துண்டுகளில்தான் அது தெரியும். அதாவது, அம்மாதிரியின் புற்றுச் செல்கள் அனைத்திலும் அது இருந்தது. மற்ற நான்கு மாதிரிகளிலும் அதே நிலை என்பதால், அதன் இடம் அடிமரமே. குரோமோசோமின் அப்பகுதி பெருகியோ இழக்கப்பட்டோ இருந்தால் இக்கணக்கு மாறும். இழக்கப்பட்ட துண்டோடு பழைய சடுதிமாற்றமும் மறைந்துவிடும் என்பதால், ஒரு மாதிரியில் காணப்படாதது அங்கே ஒருபோதும் இருந்ததில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

மரம் வரைவதற்கான அட்டவணையில் மரபணுக்களின் பெயரை மட்டும் எழுதாமல், ஒவ்வொரு சடுதிமாற்றத்தையும் தனி வரிசையாக எழுதுங்கள். 2012இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்த சிறுநீரகப் புற்றுநோய் ஆய்வில், ஒரே கட்டியின் வெவ்வேறு பகுதிகளில் செட்டிடி2 மரபணு வெவ்வேறு சடுதிமாற்றங்களால் தனித்தனியே செயலிழந்திருந்தது. பெயரை மட்டும் பார்ப்பவர் இவற்றை ஒரே மூதாதையில் சேர்த்துவிடுவார். உண்மையில் அவை தனித்தனிக் கிளைகளில் எழுந்தவை. இந்த ஓர் ஆய்வை வரி வரியாகப் படித்தபோதுதான் எனக்குப் பாடம் முழுமையாகப் பிடிபட்டது.

மென்பொருளைத் திறப்பதற்கு முன், பென்சிலால் சிறு மரங்களை வரைந்து பழகுங்கள். ஒரு மாதிரியின் புற்றுச் செல்களில் 70 விழுக்காட்டில் ஒரு சடுதிமாற்றமும் 60 விழுக்காட்டில் மற்றொன்றும் இருந்தால், குறைந்தது 30 விழுக்காடு செல்களில் இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரே முறைதான் தோன்றியது என்று கொண்டால், இரண்டும் ஒரே வழியில் வந்தவை, 70 விழுக்காட்டில் உள்ளதே முந்தையது.

மரத்தின் வேரை நோயாளியின் இரத்தம் போன்ற இயல்பான திசுவிலிருந்து பெறுவது ஏன் என்றும் தேர்வாளர்கள் கேட்பார்கள். இயல்பான திசுவோடு ஒப்பிட்டால்தான் கட்டியில் புதிதாகத் தோன்றிய மாற்றம் எது என்று தெரியும். இதற்கு நான் டாஸ்மேனியன் டெவில் என்னும் விலங்கின் முகக்கட்டியை எடுத்துக்காட்டாகப் படித்துவைத்தேன். 1996இல் முதன்முதலில் காணப்பட்ட அக்கட்டியின் மரபணுக்கள், அதைச் சுமக்கும் விலங்கோடு பொருந்தாமல், பிற விலங்குகளின் கட்டிகளோடு பொருந்தின. கடியின் வழியே செல்களே பரவுகின்றன என்பதற்கு இந்த ஒப்பீடுதான் சான்றாயிற்று.