அரபி முதலாளியும் டச்சுக் கப்பித்தானும் நம்ம கதைகளில் ஏன் திக்குகிறார்கள்?

சினிமாவில் நாகர்கோவில்காரன் என்று ஒருத்தன் வந்தாலே எனக்கு இருப்புக்கொள்ளாது. வாயைத் திறந்ததும் "ஏலே மக்கா" என்பான், அடுத்த வரியில் நாலு மலையாள வார்த்தையைச் செருகுவான், நடுவில் மீன்கறி பற்றி ஏதாவது வரும், அவ்வளவுதான், தோவாளையும் விளவங்கோடும் கடற்கரையும் ஒரே வாய்க்குள் அடங்கிவிடும். பூதப்பாண்டியில் வயல் பார்க்கிறவரும் களியக்காவிளையில் கடை வைத்திருக்கிறவரும் தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவரும் ஒரே மாதிரி பேசுவதில்லை என்று இங்கே கன்னியாகுமரி மாவட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஏன், ஒரே ஆளே வீட்டில் ஒரு பேச்சு, தக்கலை தாலுகா ஆபீஸில் ஒரு பேச்சு, கேரள எல்லையில் பாறசாலை தாண்டினால் இன்னொரு பேச்சு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரைக்கும் நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள். பழைய பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் தாத்தாவின் பெயர் தமிழ்ப் பெயர், எழுத்து மலையாளம், தேதி மலையாளத்துக் கொல்லம் ஆண்டு.

இப்படி இரண்டு மொழிக்கு நடுவில் வளர்ந்த நாம், அடுத்தவன் நம்மைத் தப்பாக எழுதினால் கொதிக்கிற நாம், கதை எழுத உட்கார்ந்ததும் என்ன செய்கிறோம்? குவைத் கதை என்றால் ஒரு அரபி வருவான், "ஹபீபி" என்பான், "யா அல்லா" என்பான், திட்டுவான், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பான், போய்விடுவான். பழைய காலத்து வெள்ளைக்காரன் என்றால் "டுமில் பேசு" ரகம். அவன் இங்கிலாந்துக்காரனா ஜெர்மானியனா போர்ச்சுகீசியனா என்பதெல்லாம் யாருக்கும் கவலையில்லை, கோபம் வந்தால் எல்லோரும் "ஓ மை காட்" என்றுதான் கத்துவார்கள்.

எனக்கு இதில் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. தன் மொழியில் பேசுகிற ஆள் திக்கக்கூடாது. அந்தக் குவைத்காரர் வீட்டில் தன் மகளோடு அரபியில் பேசும்போது கிண்டல் பண்ணுவார், பழமொழி சொல்வார், பாதியில் நிறுத்தி வேறு விஷயத்துக்குப் போவார். அதை நாம் தமிழில் எழுதுகிறோம் என்றால் அது நல்ல ஓட்டமான தமிழாக இருக்க வேண்டும். தனக்குப் பாதி தெரிந்த மொழியில் பேசும்போது மட்டும்தான் பேச்சு உடையலாம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் குவைத்தில் நிறையத் திக்குகிறவன் அரபி இல்லை, நம்ம ஆள்தான். அதை எழுத நமக்குத்தான் மனசு வருவதில்லை.

வளைகுடாவில் இருந்து வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். காலையில் எழுந்ததும் அறையில் இருக்கிற வங்காளதேசத்துக்காரரிடம் ஒரு மாதிரி ஹிந்தி. வேலை இடத்தில் ஃபோர்மேன் மலையாளியாக இருந்தால் மலையாளம், அது நம்ம மாவட்டத்துக்காரனுக்குச் சும்மா கிடைத்த சொத்து, மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவன் தடுமாறும்போது இவன் பாதி மலையாளியாகவே ஆகிவிடுவான். எகிப்து இன்ஜினியரிடம் கொஞ்சம் இங்கிலீஷ். முதலாளியிடம் "அனா மாஃபி மாலூம்" (எனக்குத் தெரியாது) வகையறா. இது பள்ளியில் படிக்கிற அரபி இல்லை, குவைத்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற அரபியும் இல்லை. பல நாட்டுத் தொழிலாளர்களும் அரபிகளும் சேர்ந்து பிழைப்புக்கு உண்டாக்கிக்கொண்ட ஒன்று. வினைச்சொல்லில் யார், எப்போது என்பதெல்லாம் பாதி உதிர்ந்து போயிருக்கும். முதலாளியும் தொழிலாளியிடம் பேசும்போது தன் மொழியைத் தானே உடைத்துத்தான் பேசுவார். வீட்டுக்குள் நுழைந்ததும் அது மாறிவிடும். அந்த மாற்றத்தை ஒரே ஒரு காட்சியில் காட்டினால் போதும், அந்த மனுஷன் ஆளாகிவிடுவார், நாலு "ஹபீபி"யால் ஆகாத காரியம் அது.

ஆகவே வசனம் எழுதும் முன்னால் நான் பார்ப்பது இதைத்தான்: யார் யாரிடம் எந்த மொழியில், எவ்வளவு தெரிந்து பேசுகிறார்கள், பக்கத்தில் யார் வந்தால் மாற்றுகிறார்கள். இதற்கு அரபி தெரிய வேண்டியதில்லை. போய் வந்தவரிடம் கேட்கத் தெரிந்தால் போதும். "அங்கே எப்படிண்ணே இருக்கும்?" என்று கேட்டால் வெயில், சம்பளம், கெட்டிடம் என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவார். "உங்களைத் திட்டினது யாரு, எந்த பாஷையில திட்டினாரு, நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேளுங்கள், ராத்திரி சாப்பாட்டுக்கு நேரமாகிவிடும்.

மொழிபெயர்ப்புச் செயலியை நம்பி அரபி வசனம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது கொடுப்பது பெரும்பாலும் பத்திரிகை அரபி, செய்தி வாசிக்கிற அரபி. மஸ்கட் மீன் மார்க்கெட்டில் ஒருத்தன் அதைப் பேசினால், வடசேரி சந்தையில் வந்து "அம்மையே, இவ்வயிலை மீனின் விலை யாது?" என்று கேட்ட மாதிரி இருக்கும். அந்த ஊர்க்காரர் ஒருவர் பார்த்துச் சொல்ல ஆள் இல்லையென்றால் அந்த வரியைத் தமிழிலேயே எழுதிவிட்டு "என்று அரபியில் சொன்னார்" என்று போய்விடுவது எவ்வளவோ மேல். வாசகர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மொழியைவிட அன்றாடம்தான் காலை வாரிவிடும். 1995-இல் ரியாத்தில் நடக்கிற கதையில் நாயகன் வெள்ளி, சனி லீவில் நண்பன் அறைக்குப் போகிறான் என்று எழுதினால் முடிந்தது கதை. சவுதியில் அப்போது வாரவிடுமுறை வியாழனும் வெள்ளியும். வெள்ளி-சனியாக அங்கே மாறியது 2013-இல்தான். ஐக்கிய அரபு அமீரகம் 2006-இல் வெள்ளி-சனிக்குப் போய், 2022-இல் மறுபடி மாற்றி, வெள்ளி மதியத்திலிருந்து ஞாயிறு வரை என்று ஆக்கிவிட்டது. தொழிலாளி கேம்பில் இருப்பவனுக்கு வெள்ளி ஒரு நாள் கிடைத்தாலே பெரிசு, அது வேறு. ஆனால் வீட்டுக்குப் போன் பண்ணுகிற நாள், துணி துவைக்கிற நாள், ஜெபக்கூட்டம் நடக்கிற நாள் எல்லாம் இதைச் சுற்றித்தான். அங்கே வெள்ளிக்கிழமைகளில் கூடி ஆராதனை நடத்திப் பழகிய நம்ம ஊர்க் கிறிஸ்தவர்கள் எத்தனை பேர்! ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போவது அவர்களுக்கு முதலில் எப்படி இருந்திருக்கும் என்று யாராவது ஒரு பக்கம் எழுதியிருந்தால் சொல்லுங்கள், படிக்க ஆசை.

அப்புறம் ஈரான். நம்ம கடற்கரையிலிருந்து ஈரானுக்கு மீன்பிடி வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. 2020-இல் கொரோனா சமயத்தில் அங்கே மாட்டிக்கொண்டவர்களைக் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது ஞாபகம் இருக்கும். ஆனாலும் கதையில் ஈரானியர் வந்தால் அரபிதான் பேசுகிறார். அந்த நாட்டு மொழி பாரசீகம். தெற்குக் கடற்கரையில் அரபி பேசுகிறவர்களும் உண்டு, அப்படி ஒருவரைத்தான் எழுதுகிறீர்கள் என்றால் சரி, தெரிந்து எழுதுங்கள். எழுத்து ஒரே மாதிரி தெரிவதாலும் மதத்தாலும் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், அந்த ஊர்க்காரருக்கு நம்மை மலையாளி என்று சொன்னால் நமக்கு வருகிற அதே எரிச்சல் வரும்.

அங்கே காசு விஷயமே தனிக் கதை. நோட்டில் இருப்பது ரியால், கடையில் வாயால் சொல்வது தொமான், ஒரு தொமானுக்குப் பத்து ரியால். புதிதாகப் போனவன் முதல் வாரம் இதில் குழம்பாமல் இருக்க வாய்ப்பே இல்லை, ஆகவே கதையில் அவன் குழம்பாவிட்டால் எனக்குச் சந்தேகம் வரும். இதைவிட ருசியான ஒன்று இருக்கிறது. கடைக்காரரிடம் எவ்வளவு என்று கேட்டால் "இதெல்லாம் ஒரு பொருளா, இருக்கட்டும்" என்கிற மாதிரி ஒன்று சொல்வார். அது தாரோஃப் என்கிற மரியாதை முறை. நீங்கள் வற்புறுத்த வேண்டும், அவர் மறுக்க வேண்டும், மறுபடி வற்புறுத்த வேண்டும், கடைசியில் அவர் விலையைச் சொல்வார், நீங்கள் கொடுக்க வேண்டும். இது தெரியாத எழுத்தாளர் கையில் அந்தக் காட்சி "ஏழைத் தமிழனிடம் காசு வாங்க மறுத்த ஈரானியப் பெரியவர்" என்று கண்ணீர்க் கதையாகிவிடும். தெரிந்தவர் கையில் அது நல்ல நகைச்சுவை. நம்ம கடற்கரைச் சின்னத்துறைக்காரர் பொருளை எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு நடக்க, கடைக்காரர் முகம் போகிற போக்கு. கல்யாண வீட்டில் மூன்று தடவை "போதும்" சொல்லிவிட்டு நாலாவது தடவை சோறு வாங்குகிற நமக்கு இது புரியாமல் போகாது.

தமிழ் எழுத்தும் நம்மைக் கொஞ்சம் கஷ்டப்படுத்தும். அரபிக்காரர் பலர் ஆங்கிலம் பேசும்போது பெப்சியின் முதல் எழுத்தை வேறு மாதிரி, பேரிக்காயின் முதல் எழுத்து மாதிரி இல்லாமல், பாபு என்கிறபோது வருகிற அழுத்தத்தோடு சொல்வார்கள். பார்த்தீர்களா, அதைத் தமிழில் காட்ட எனக்கு இத்தனை சுற்று. ஒரே 'ப' தான் நமக்கு. அதனால் உச்சரிப்பை எழுத்தில் காட்டும் வேலையை நான் விட்டுவிட்டேன், ஒரு தடவை சொல்லிவிட்டுப் போவதோடு சரி. ஆனால் பெயர்களில் விட்டுக்கொடுக்க மாட்டேன். டச்சுக்காரர் ஒருவர் பெயரை ஆங்கில எழுத்தைப் பார்த்து 'ஜான்' என்று எழுதுகிறார்கள், அந்த ஊரில் அது 'யான்'. ஆங்கிலம் வழியாக எல்லா நாட்டையும் பார்ப்பதால் வருகிற வினை இது.

டச்சு என்றதும் நான் எழுதிக்கொண்டிருக்கிற நாவலின் விஷயத்துக்கு வந்துவிட்டேன். 1741 ஆகஸ்ட் 10, கொல்லம் ஆண்டுக் கணக்கில் 916 ஆடி, கொளச்சலில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவின் படையிடம் டச்சுக் கம்பெனி தோற்றது. பிடிபட்ட கம்பெனி ஆள் டிலனாய் இங்கேயே தங்கி, ராஜாவின் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி கொடுத்து, வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி, என்று பெயர் வாங்கி, 1777-இல் இறந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் படுத்திருக்கிறார். கல்லறையில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன, டச்சு இல்லை. அவரை வைத்து எழுதுகிற எல்லோரும் அவரை ஒரு பொது வெள்ளைக்காரராக்கிவிடுகிறார்கள், தலையில் தொப்பி, கையில் சுருட்டு, வாயில் ஆங்கிலம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் பிறந்த ஊர் என்று சொல்லப்படுகிற அராஸ் 1659-லிருந்தே பிரான்சின் கையில் இருந்தது. அம்மாவிடம் பேசியது பிரெஞ்சாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வேலை டச்சுக் கம்பெனியில், ஆணைகள் டச்சில். கூட இருந்த சிப்பாய்களிலோ ஜெர்மானியர் முதற்கொண்டு பல நாட்டுக்காரர்கள், கம்பெனி அப்படித்தான் ஆள் சேர்த்தது. கம்பெனி சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தது, இவரோ கத்தோலிக்கர், ஆகவே ஜெபம் லத்தீனில். கடற்கரையில் இறங்கினால் எல்லா ஐரோப்பியருக்கும் அன்று கைகொடுத்தது போர்ச்சுகீசியம். ஆங்கிலக் கம்பெனிகூடத் தன் பாதிரிமார் வந்து ஒரு வருஷத்துக்குள் அதைக் கற்க வேண்டும் என்று 1698 சாசனத்தில் வைத்திருந்தது. இத்தனையும் ஒரு ஆளுக்குள். இதற்கு மேல்தான் பத்மநாபபுரத்துத் தமிழும் மலையாளமும். இதில் ஆங்கிலத்துக்கு எங்கே வேலை?

அவரோடு அரண்மனையில் வேலை பார்த்தவர் நட்டாலம் நீலகண்ட பிள்ளை. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனவர், 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டவர், 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர். இவர்கள் இரண்டு பேரும் விசுவாசத்தைப் பற்றிப் பேசிய காட்சியை மேடையில் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேரும் சுத்தமான தமிழில், மூச்சு விடாமல், பைபிள் வசனத்தோடு பேசுவார்கள். பிடிபட்ட கொஞ்ச நாளிலேயே ஒரு சிப்பாய் யோபுவின் கதையைத் தமிழில் சொல்லிவிட முடியுமா? நடுவில் ஒரு துபாசி, பேச்சை மொழிபெயர்த்துச் சொல்கிறவர், இருந்திருக்க வேண்டும். என் நாவலில் அவர் கொளச்சல் கடற்கரைக்காரர், கோவிலில் பாதிரியாரிடம் போர்ச்சுகீசியம் படித்தவர். நீலகண்ட பிள்ளை மாதிரி மேல்சாதி வீட்டு மனிதரிடம் தள்ளி நின்றுதான் பேச முடியும், வெள்ளைக்காரரிடம் பக்கத்தில் நிற்கலாம். எந்த வரியைச் சொல்வது எதை விழுங்குவது என்பது அவர் கையில்.

நாலு வருஷத்தில் டிலனாயின் தமிழ் வளர வளர துபாசிக்கு வேலை குறையும், ஒரு கட்டத்தில் அவரை அறைக்கு வெளியே நிறுத்த வேண்டும். அந்த இடம் எது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை. அவருக்கு நான் இதற்குள் ஒரு மனைவியையும் மிளகு வியாபாரி ஒருவரிடம் கொஞ்சம் கடனையும் கொடுத்துவிட்டேன், கப்பித்தானைவிட அவர்மேல்தான் இப்போது எனக்கு ஆர்வம் அதிகமாக இருக்கிறது, அதனால் சீக்கிரம் வெளியே அனுப்புவதாக இல்லை.