பத்தாவது ஆள்

ரொறன்ரோவுக்கு வந்த மூன்றாவது ஆண்டில், யூதப் பதின்ம வயதினருக்கான கோடை முகாம் ஒன்றின் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பதினான்கு ஆண் பிள்ளைகளையும் நான்கு வழிகாட்டிகளையும் அல்கோன்குயின் பூங்காவின் உட்காட்டுக்குள் ஒரு வாரக் கனூப் பயணம் அனுப்பும் திட்டத்தை 2025 கோடைக்கு வகுப்பது என் பொறுப்பாயிற்று. நயினாதீவுக்குப் போன நாட்களைத் தவிர வேறெப்போதும் படகில் ஏறியிராத என்னிடம் இதை ஏன் ஒப்படைத்தார்கள் என்று இன்றும் வியக்கிறேன்.

இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிப் பாத்திரங்கள் வேண்டும் என்று சமையல் பொறுப்பாளர் தயங்கித் தயங்கி விளக்கத் தொடங்கியபோது, எங்கள் வீட்டில் மச்சச் சட்டியும் சைவச் சட்டியும் ஒரே தட்டில்கூட இருந்ததில்லை என்றேன்; அதன் பின் அவர் விளக்குவதை விட்டுவிட்டார். இரண்டு தொகுதிப் பாத்திரங்களைக் காட்டுவழியில் சுமக்க முடியாதென்பதால், முழுப் பயணத்தையும் இறைச்சியின்றி அமைத்தோம். உட்காட்டுக்குள் தகரப் பேணிகளும் போத்தல்களும் கொண்டுசெல்லக் கூடாது. ஆகவே, வெள்ளி மாலை முதல் சனி இரவுவரை நீளும் யூதர்களின் ஓய்வு நாளான ஷபாத்தின் இரவுக்குரிய திராட்சைச் சாற்றைப் பிளாஸ்டிக் குடுவைக்கு மாற்ற வேண்டியிருந்தது.

நாள் குறிப்பதுதான் கடினமாக இருந்தது. எருசலேம் ஆலயங்கள் அழிந்த துயரை நினைந்து, யூத நாட்காட்டியின் ஆவ் மாதத்தின் முதல் ஒன்பது நாட்களில் இறைச்சியையும் மகிழ்ச்சிக்காக நீந்துவதையும் யூதர்கள் தவிர்க்கிறார்கள். நீந்தாமல் என்ன கோடை முகாம்! அந்த ஆண்டு அந்நாட்கள் யூலை 26 இல் தொடங்கின. யூலை 13 நோன்பு நாள். இடையில் கிடைத்த வாரத்தைப் பிடித்துக்கொண்டோம். அந்த வாரத்து வெள்ளி எங்களுக்கு முதலாம் ஆடி வெள்ளி என்பதை நாட்காட்டியில் கண்டு எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

உட்காட்டின் ஒரு தங்குமிடத்தில் ஒன்பது பேருக்கு மேல் இருக்கக் கூடாதென்பது பூங்காவின் விதி. ஒன்பது ஒன்பதாக இரு குழுக்கள் என்று பிரித்து, ஐந்து மாதங்களுக்கு முன்பே, பதிவு திறந்த நாளிலேயே இடங்களை எடுத்துவைத்தேன்.

ஏப்ரலில் ஒரு தாய் அழைத்தார். குளிர்காலத்தில் கணவர் இறந்துவிட்டாராம்; பதினாறு வயது மகன் தந்தைக்காகப் பதினொரு மாதங்கள் நாள்தோறும் கதீஷ் சொல்ல வேண்டும். அந்த வேண்டுதலைத் தனியே சொல்ல முடியாது. பதின்மூன்று வயது நிறைந்த ஆண்கள் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். நான் வகுத்த ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் குறைந்தார்.

இரு குழுக்களுக்கும் அடுத்தடுத்த தங்குமிடங்களை எடுத்துத் தொழுகை நேரத்தில் மட்டும் ஒன்றுகூடினால் என்ன என்று முகாமின் மதகுருவான ரபையிடம் கேட்டேன். ஷபாத்தில் படகு வலிக்க முடியாது, ஒரே தங்குமிடத்தில் பத்துப் பேர் கூடுவதும் விதியை ஏமாற்றுவதாகும் என்றார். நாட்டின் சட்டமும் சட்டமே என்பது யூதர்களின் சமயச் சட்டநூலான தல்மூதின் நெறியாம். பையன் ஒரு வாரம் சொல்லாமல் விட்டால் குற்றமா என்று கேட்க வாயெடுத்தேன். ஐயருக்கு வசதியான நாள் பார்த்து, அப்பாவின் திவசத்தைத் திதி தவறி ஞாயிறுக்கு மாற்றியவர்கள் நாங்கள் என்பது நினைவுக்கு வர, கேட்காமல் விட்டேன்.

ஒழுங்கமைக்கப்பட்ட குழுக்களுக்கென்றே அதே பூங்காவின் வைட்ஃபிஷ் ஏரிக்கரையில், சாலைவழியே போய்ச் சேரக்கூடிய கூட்டுத் தங்குமிடங்கள் உள்ளன. விசாரித்தபோது அந்த வாரத்துக்கு ஓர் இடம் எஞ்சியிருந்தது. உட்காட்டுப் பதிவுகளை நீக்கினேன். முற்பணத்தில் ஒரு பகுதி போயிற்று. பகலில் கனூவில் போய் மாலையில் கரைக்குத் திரும்புவதென்று திட்டம் மாறியது. படகைத் தலைமேல் சுமந்து காடு கடக்கக் காத்திருந்த பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். அவர்களது ஏமாற்றம் நியாயமானதே. திராட்சைச் சாறு மட்டும் தன் கண்ணாடிப் போத்தலிலேயே பயணம் போயிற்று.

யூலை 18 அன்று மாலை, ஸ்காபரோவில் என் வீட்டில் விளக்கேற்றும்போது மணியைப் பார்த்தேன். பிள்ளைகள் தங்கியிருந்த ஏரிக்கரையில் ஒன்பது மணியளவில்தான் சூரியன் மறையும். அதற்குப் பதினெட்டு நிமிடங்கள் முன்னதாகச் சமையலும் அடுப்பும் முடிந்து மெழுகுவர்த்தி ஏற்றியிருக்க வேண்டும். ஷபாத் முடியும்வரை எவரும் தொலைபேசியைத் தொடமாட்டார்கள் என்பதால், மறுநாள் இரவு பத்தரைக்கு மேல்தான் வழிகாட்டியின் செய்தி வந்தது: மழை பெய்து இரண்டு கூடாரங்கள் நனைந்தன, நாள்தோறும் காலையும் மாலையும் பத்துக்குக் குறையவில்லை, உருளைக்கிழங்கு போதவில்லை.

திங்கட்கிழமை அடுத்த ஆண்டுக்கான கோப்பைத் திறந்து, முதலில் உருளைக்கிழங்கின் எடையைத் திருத்தினேன்.