வாக்-ஆன் இடம்: ஐஸில் இறங்குவதற்கு முன்னால் நடப்பவை

என் மகனுக்கு இங்கே அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டின் உச்ச நிலையான டிவிஷன் 1-இல் ஆடும் ஒரு கல்லூரியின் ஐஸ் ஹாக்கி அணியில் இடம் கிடைத்துவிட்டது. ஸ்காலர்ஷிப் கிடையாது, வாக்-ஆன்தான், அதாவது விளையாட்டு உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்வது. மூன்றாவது கோலி (கோல்கீப்பர்). நிம்மதியாக இருக்கிறது, ஆனால் அதற்கு முன் அலைந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

செமஸ்டர் தொடங்கியதும் அணிக்கு ஆள் எடுக்க ஐஸில் ஆடவைத்துப் பார்க்கும் திறந்த தேர்வை மட்டும் நம்பி யாரும் இருக்காதீர்கள். அதற்குள் அணி ஏறக்குறைய நிரம்பியிருக்கும். யுஎஸ்எச்எல், என்ஏஎச்எல் மாதிரி ஜூனியர் லீக்குகளில் ஆடி, இருபது வயதில் கல்லூரிக்கு வருகிறவர்கள்தான் பெரும்பாலும். 2025 ஆகஸ்டிலிருந்து கனடாவின் உச்ச ஜூனியர் லீக்குகளான மேஜர் ஜூனியரில் ஆடிய பையன்களும் வரலாம் என்றாகிவிட்டதால் நெருக்கடி கூடிவிட்டது. கொஞ்சம் வாய்ப்பு இருப்பது கோலிகளுக்கு. முதல் இரண்டு பேரில் ஒருவருக்கு அடிபட்டாலும் பயிற்சி நிற்கக் கூடாது என்பதால் மூன்றாவது ஆள் தேவைப்படும். அவருக்கென்று ஸ்காலர்ஷிப் பணத்தைச் செலவழிக்கப் பலருக்கும் மனம் வராது.

எங்களுக்கு முதல் அடி வேறொரு கல்லூரியில் விழுந்தது. “பிரிஃபர்டு வாக்-ஆன், இடம் உனக்குத்தான்” என்று துணைக் கோச் போனில் சொன்னார்; ஸ்காலர்ஷிப் இல்லாவிட்டாலும் அணியில் இடம் உண்டு என்று முன்கூட்டியே சொல்வது அது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ மீது வீரர்கள் பணத்துக்காகப் போட்ட வழக்கில் (‘ஹவுஸ்’ வழக்கு) உண்டான பெரிய சமரசத்தை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றதும், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஆண்கள் ஹாக்கியில் 26 பேர்தான் என்று வரம்பு வந்தது. ஒரே வரியில் ஒரு மின்னஞ்சல், இடம் போயிற்று. வாய்வார்த்தைக்கு எந்தப் பிடிமானமும் இல்லை. அதனால், “உங்கள் கல்லூரி அந்த ஏற்பாட்டில் சேர்ந்திருக்கிறதா, 26 பேரில் இவனும் உண்டா?” என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அட்மிஷன் கிடைத்திருந்த இன்னொரு கல்லூரியின் கோச் வீடியோ கேட்டார். கோல் போகாமல் தடுத்த நல்ல சேவ்களாகப் பொறுக்கி வெட்டிய தொகுப்பு வேண்டாம், தோற்ற ஆட்டம் ஒன்றையாவது முழுதாக அனுப்பு என்றார். கோல் விட்ட பிறகு அடுத்த ஐந்து நிமிடம் பையன் எப்படி நிற்கிறான் என்றுதான் பார்ப்பாராம். எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது.

என்சிஏஏ தகுதி மையத்தில் பதிவு சுலபமாக முடிந்தது. இலவசக் கணக்கு போதாது, சான்றளிப்புக் கணக்கு எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிக்கல் ரத்தத்தில் வந்தது. தேர்வுக்கு வருபவர்களுக்கும் ஆறு மாதத்துக்குள் எடுத்த மருத்துவப் பரிசோதனையும், சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த சிவப்பணுக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கும் ரிப்போர்ட்டும் வேண்டும். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்தவுடனேயே அந்தச் சோதனை செய்துவிடுவார்கள். என் மகன் பிறந்தது சென்னையில், அவனுக்கு யாரும் செய்யவில்லை. அலுவலகத்தில் இருந்த பெண்மணி, “பிறந்த ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குங்கள்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். இல்லாத காகிதத்தை எங்கே போய்க் கேட்பது? தேர்வு நாளில் கோலி பேடு எல்லாம் கட்டிக்கொண்டு நின்ற பிள்ளையை ஐஸில் இறங்க விடவில்லை. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வழி சொன்னவர் அணியின் அத்லெட்டிக் டிரெய்னர், ஆட்டக்காரர்களின் காயம், உடல்நலம் பார்ப்பவர். இப்போது புதிதாக ரத்தம் கொடுத்துச் சோதித்தாலே போதும், பழைய ரிப்போர்ட் தேவையில்லை என்றார். முதல் நாளே அவரிடம் போய்க் கேளுங்கள், அலுவலக ஜன்னலில் நிற்காதீர்கள். இந்தியாவில் பிறந்த பிள்ளைகள் கோடை விடுமுறையிலேயே இந்தச் சோதனையை முடித்துவிடுவது நல்லது. ரிப்போர்ட் வந்ததும் கோச் அவனைத் தனியாக ஒரு பயிற்சிக்கு அழைத்தார். அப்புறம் தாமதமில்லை, சேர்த்துக்கொண்டார்கள். ஒரு செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்குக் குறையாமல் முழுநேர மாணவராக இருக்க வேண்டும் என்பதால், அவசரத்தில் ஒரு பாடத்தையும் விட்டுவிடாதீர்கள்.

என்சிஏஏவுக்கு வெளியே கல்லூரி கிளப் அணிகள் ஆடும் ஏசிஎச்ஏ அமைப்பின் கிளப் அணித் தேர்வுத் தேதியையும் கட்டாயம் குறித்து வையுங்கள். அங்கே செலவைப் பெரும்பாலும் ஆட்டக்காரர்களே ஏற்க வேண்டும், ஆனால் போட்டிகளில் இறங்கி ஆடலாம். எங்களுக்கு இங்கே கிடைக்காமல் போயிருந்தால் அந்த வாரமே அங்கே பணம் கட்டியிருப்போம்.