முத்திரையும் முத்தமும்

அமெரிக்க காமிக்ஸில் "நான் கே" (தன்பாலீர்ப்பாளன்) என்று வாய்விட்டுச் சொன்ன முதல் சூப்பர் ஹீரோ யார் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் மார்வெலின் நார்த்ஸ்டார், 1992. பதிலில் தப்பில்லை. ஆனால் அந்தப் பாத்திரம் பிறந்தது 1979-இல். நடுவில் 13 வருஷம் அவன் வாயைக் கட்டியிருந்தது எது? "அப்போது சமூகம் அப்படி" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், ஆனால் அதில் பாதிதான் உண்மை. மீதி பாதி அட்டையின் மூலையில் இருந்த ஒரு தபால்தலை வடிவ முத்திரையிலும், அந்த இதழ் எந்த மாதிரிக் கடையில் விற்றது என்பதிலும் இருக்கிறது.

முதலில் முத்திரை. 1954-இல் பிரெட்ரிக் வெர்த்தம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். பேட்மேனும் ராபினும் ஒரே வீட்டில் வாழும் விதம் இரண்டு தன்பாலீர்ப்பாளர்களின் கனவு வாழ்க்கை போல இருக்கிறது என்பது அதில் அவர் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. அதே வருஷம் செனட் துணைக்குழு நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. சட்டம் வந்துவிடுமோ என்று பயந்த பதிப்பகங்கள் முந்திக்கொண்டு அக்டோபரில் தாங்களே ஒரு விதித்தொகுப்பை எழுதிக்கொண்டன. அதுதான் காமிக்ஸ் கோட், அதற்கு உட்பட்ட இதழுக்குத்தான் அந்த முத்திரை. பாலியல் வக்கிரமோ, அதைக் குறிக்கும் சிறு சாடையோகூடக் கண்டிப்பாகக் கூடாது என்றது அதில் ஒரு விதி. தன்பாலீர்ப்பு என்ற சொல் அங்கே கிடையாது. சொல்லவே தேவையில்லாத அளவுக்கு அது "வக்கிரம்" என்ற சொல்லுக்குள் அடங்கியிருந்தது.

இது அரசுச் சட்டம் இல்லை, மீறினால் யாரும் சிறைக்குப் போகப்போவதில்லை. பிறகு ஏன் கட்டுப்பட்டார்கள்? அப்போது காமிக்ஸ் விற்றது மருந்துக்கடை வாசலிலும் பத்திரிகைக் கடையிலும். அந்தக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பிய மொத்த விநியோகஸ்தர்கள் முத்திரை இல்லாத கட்டைப் பிரிக்காமலேயே திருப்பி அனுப்பினார்கள். விற்காத பிரதிக்குப் பணமும் கிடையாது. ஆக, தணிக்கையை நடத்தியது நீதிமன்றம் இல்லை, குடோன்.

வெர்த்தமின் குற்றச்சாட்டுக்குப் பதிலாகத்தான் 1956-இல் பேட்மேனுக்குப் பெண் துணையாக பேட்வுமன் கேத்தி கேனைக் கொண்டுவந்தார்கள் என்பது காமிக்ஸ் வட்டாரத்தில் பரவலான கருத்து. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 50 வருஷம் கழித்துத் திரும்ப வருவாள்.

1971-இல் கோட் கொஞ்சம் தளர்ந்தது. பேய், ரத்தக்காட்டேரி, போதைப்பொருள் பற்றிய கதைகளுக்கு வழி பிறந்தது, பாலியல் வக்கிரம் பற்றிய விதி மட்டும் அப்படியே இருந்தது. ரத்தக்காட்டேரிக்குக் கிடைத்த அனுமதி இரண்டு ஆண்கள் கைகோத்து நடப்பதற்குக் கிடைக்கவில்லை. அதனால் 80-களின் கதாசிரியர்கள் சாடை எழுதுவதில் கைதேர்ந்தார்கள். 1982-இல் ஜே. எம். டிமாட்டீஸ் எழுதிய கேப்டன் அமெரிக்காவில், கேப்டனான ஸ்டீவ் ரோஜர்ஸின் பால்ய நண்பன் ஆர்னி ராத் வருகிறான். மைக்கேல் என்பவனோடு ஒரே வீட்டில் இருக்கிறான். "அறைத்தோழன்" என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். 1984-இல், 296-ஆம் இதழில், வில்லன்கள் ஆர்னிக்கு முகச்சாயம் பூசி மேடையேற்றி, தன்னையே இழிவுபடுத்திப் பாடவைக்கிறார்கள். அங்கே கேப்டன் அவனிடம் சொல்வது: மைக்கேல் மேல் உனக்கு இருக்கும் அன்பை இவர்களுடைய பொய்களால் அழுக்காக்க முடியாது, பெர்னி மேல் (அவள் கேப்டனின் காதலி) எனக்கு இருக்கும் அன்பையும் அப்படித்தான். கே என்ற சொல் எங்கேயும் இல்லை. ஆனால் தேசியக்கொடியை உடுத்தியவன் இரண்டு காதலையும் ஒரே தராசில் வைத்துவிட்டான். பலரும் கொண்டாடும் 1992-ஐவிட இந்தக் காட்சிக்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

கிறிஸ் கிளேர்மான்ட் இன்னொரு உத்தி பிடித்தார். எக்ஸ்-மென் வில்லிகளான மிஸ்டிக், டெஸ்டினி இருவரின் உறவைச் சொல்ல, காதலர் என்று பொருள்படும் வழக்கொழிந்த ஆங்கிலச் சொல் ஒன்றைத் தோண்டியெடுத்துப் போட்டார். அகராதி பார்க்கிறவனுக்குப் புரியும், எடிட்டருக்கு உறுத்தாது.

நார்த்ஸ்டாருக்கு வருவோம். அவனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் பெர்ன் தொடக்கத்திலிருந்தே அவனை கே-யாகத்தான் யோசித்திருந்தார். மார்வெலின் தலைமை எடிட்டராக ஜிம் ஷூட்டர் இருந்த காலத்தில் அதை வெளிப்படையாக எழுத வழியில்லாமல் போயிற்று. பிறகு வந்த பில் மான்ட்லோ அவனுக்கு எய்ட்ஸ் என்று கதையை நகர்த்தப் பார்த்தார். அதுவும் மேலிடத்தில் நின்றுபோய், அவன் வரும் 'ஆல்ஃபா ஃப்ளைட்' தொடரின் 50-ஆம் இதழில் அவனுடைய உடல்நலக் குறைவுக்குக் காரணம் அவன் பாதி தேவதை இனத்தவன் என்று ஆனது. ஒரு மனிதன் கே என்று சொல்வதைவிட, குள்ளர்களும் தேவதைகளும் வாழும் வேற்றுலகத்துக்காரன் என்று சொல்வது எளிதாக இருந்திருக்கிறது.

1989-இல் கோட் திரும்ப எழுதப்பட்டது. இனம், மதம் முதலியவற்றோடு பாலியல் சார்பையும் சேர்த்து, இவற்றைப் புண்படுத்தாமல் சித்தரிக்க வேண்டும் என்றது புதிய வாசகம். கதவு திறந்தாயிற்று. மூன்று வருஷத்தில் 'ஆல்ஃபா ஃப்ளைட்' 106-ஆம் இதழ் வந்தது, எழுதியவர் ஸ்காட் லோப்டெல். வரலாற்றுச் சிறப்பெல்லாம் சரி, கதையாகப் படித்தால் சங்கடம்தான். குப்பையில் கிடந்த, எய்ட்ஸ் பாதித்த குழந்தையை நார்த்ஸ்டார் எடுத்து வளர்க்க நினைக்கிறான். ஊரே அந்தக் குழந்தைக்காக உருகுகிறது. எய்ட்ஸில் தன் கே மகனைப் பறிகொடுத்த மேஜர் மேப்பிள்லீஃப் என்ற பழைய நாயகனுக்கு ஆத்திரம், என் மகன் செத்தபோது எங்கே போனீர்கள் என்று. அருமையான கேள்வி! அந்தக் கேள்வியை உட்கார்ந்து பேசாமல், இரண்டு பேரும் சுவரை உடைத்துச் சண்டை போடுகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு குத்துவிடும் நடுவில் நார்த்ஸ்டார் அந்த வாக்கியத்தைக் கத்துகிறான். இன்னொரு கோளாறு, கே என்றாலே எய்ட்ஸ் என்ற முடிச்சை அந்தக் கதையும் அவிழ்க்கவில்லை. 1988-இல் மார்வெலின் போட்டி நிறுவனமான டிசி கொண்டுவந்த எக்ஸ்ட்ரானோ என்ற மந்திரவாதியும் இதே குழியில்தான் விழுந்தான். பளபள உடை, தன்னையே "ஆன்ட்டி" என்று அழைத்துக்கொள்ளும் பேச்சு என்று எல்லா வார்ப்பும் இருந்தது, அந்தச் சொல் மட்டும் இல்லை. பிறகு எச்.ஐ.வி. கதையும் அவன் தலையில் விழுந்தது.

எப்படி எழுதியிருக்கலாம் என்பதற்கு 1991-இல் வந்த 'ஃப்ளாஷ்' 53-ஆம் இதழைப் பார்க்கலாம். திருந்திய வில்லன் பைட் பைப்பரிடம் ஃப்ளாஷ், ஜோக்கர் கே-யாமே என்று வம்பு கேட்கிறான். அதெல்லாம் இல்லை, என்னைத் தவிர வில்லன்களில் கே யாரும் இருப்பதாகத் தெரியவில்லை என்கிறான் பைப்பர். அவ்வளவுதான். உலகத்திலேயே வேகமான மனிதன் பதில் சொல்லத் தெரியாமல் தடுமாறி, சாக்குச் சொல்லி ஓடிவிடுகிறான். குற்ற உணர்ச்சி, நோய், குத்துச்சண்டை எதுவும் இல்லை. அசடு வழிவது கேட்டவன்தான், சொன்னவன் இல்லை. ஒரு பாத்திரம் தன்னை வெளிப்படுத்தும் காட்சியில் யார் முகத்தில் அசடு வழிகிறது என்று பார்த்தால் கதாசிரியர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரிந்துவிடும்.

அடுத்து பார்க்க வேண்டியது, அடுத்த கதாசிரியர் அதை நினைவில் வைத்திருக்கிறாரா என்பது. 1994-இல் நார்த்ஸ்டாருக்குத் தனியாக ஒரு குறுந்தொடர் வந்தது. அதில் அவன் கே என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. செய்தித்தாளில் பேர் வாங்கிக் கொடுத்த விஷயம் இரண்டே வருஷத்தில் அலமாரிக்குள் போய்விட்டது.

இதற்கிடையே கடைகள் மாறியிருந்தன. 70-களில் தொடங்கிய நேரடி விற்பனை முறையில், காமிக்ஸ் மட்டுமே விற்கும் கடைகள் கூடுதல் கழிவில் பிரதிகளை வாங்கும், விற்காததைத் திருப்பித் தராது. அந்தக் கடைக்காரருக்கு முத்திரை முக்கியமில்லை. வார்ரன் எல்லிஸ், பிரையன் ஹிட்ச் 1998-இல் உருவாக்கிய அப்பல்லோவும் மிட்நைட்டரும் இந்தக் கடைகளின் பிள்ளைகள். ஒருவன் சூரியனிடமிருந்து சக்தி பெறுகிறவன், இன்னொருவன் கறுப்பு உடையில் இரவில் அடிக்கிறவன். சூப்பர்மேன், பேட்மேன் நகல்கள் என்பது பார்த்தாலே தெரியும். வெர்த்தம் பயந்த ஜோடி, கிட்டத்தட்ட நிஜமாகவே வந்து நின்றது. 2002-இல் கல்யாணமும் செய்துகொண்டார்கள். அதற்கு முன்பே அவர்களுடைய ஒரு முத்தத்தை டிசி மேலிடம் மாற்றி வரையவைத்தது தனிக்கதை. முத்திரை போனாலும் முதலாளி இருக்கிறாரே.

மார்வெல் 2001-இல் காமிக்ஸ் கோட்-ஐக் கைவிட்டது. டிசியும் ஆர்ச்சி காமிக்ஸ் நிறுவனமும் 2011 ஜனவரி வரை பிடித்துக்கொண்டிருந்தன. ஆனால் கேத்தி கேனின் பெயரைச் சற்று மாற்றி, கேட் கேன் என்ற புதிய பேட்வுமனை, லெஸ்பியனாக, டிசி 2006-இலேயே கொண்டுவந்துவிட்டது. பேட்மேன் மேல் சந்தேகம் வராமல் இருக்கப் பிறந்ததாகச் சொல்லப்படும் பெயருக்கு இப்படி ஒரு மறுபிறவி. 2009-இல் கிரெக் ருக்கா எழுத, ஜே. எச். வில்லியம்ஸ் வரைந்து 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 854 முதல் 860 வரை வந்த கதைகள்தான் இந்தத் தலைப்பில் ஒன்றே ஒன்று படிக்க வேண்டுமென்றால் படிக்க வேண்டியவை. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் கேட்டின் மேலதிகாரி, லெஸ்பியன் என்பதை மறுத்துவிடு, விட்டுவிடுகிறோம் என்கிறார். பொய் சொல்லக் கூடாது என்ற கல்லூரியின் நெறியைச் சொல்லி அவள் உண்மையை ஒப்புக்கொண்டு வெளியேறுகிறாள். தன்பாலீர்ப்பை மறைத்தால்தான் பணியில் இருக்கலாம் என்ற, "கேட்காதே, சொல்லாதே" எனப்பட்ட ராணுவக் கொள்கை உண்மையிலேயே அமலில் இருந்தபோது வந்த கதை இது. 2011 செப்டம்பரில்தான் அது ஒழிந்தது. பிறகு 2013-இல், கேட்டைக் கல்யாணம் செய்யவிட டிசி மறுத்ததால் அப்போதைய குழு விலகியது. நாயகர்கள் யாருக்குமே சந்தோஷமான குடும்ப வாழ்க்கை கூடாது என்பது நிறுவனம் சொன்ன காரணம்.

யாரும் எதிர்பாராத பாய்ச்சல் ஆர்ச்சியுடையது. சூப்பர்மார்க்கெட்டில் பில் போடும் இடத்தில் தொங்கும் காமிக்ஸ் அது. 2010 செப்டம்பரில் 'வெரோனிகா' 202-ஆம் இதழில் டான் பேரன்ட் கெவின் கெல்லரைக் கொண்டுவந்தார். பர்கர் தின்னும் போட்டி நடக்கிறது, தான் கே என்று கெவின், ஆர்ச்சியின் நண்பன் ஜக்ஹெட்டிடம் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறான். விஷயம் தெரியாத வெரோனிகா அவன் பின்னால் அலைவதை ஜக்ஹெட் சும்மா இருந்து ரசிக்கிறான். நகைச்சுவை முழுக்க வெரோனிகாவின் செலவில். இதழ் தீர்ந்துபோய், ஆர்ச்சி வரலாற்றில் முதன்முறையாக ஒரு இதழ் உடனடி மறுபதிப்பு கண்டது. 2012-இல் கெவினின் கல்யாண இதழைப் பொம்மைக்கடைகளிலிருந்து எடுக்கச் சொல்லி ஒரு தாய்மார் அமைப்பு போராடியது, அந்த இதழும் தீர்ந்துபோனது. 2014-இல் அந்தக் கதைகளின் தொகுப்பு ஒன்றைச் சிங்கப்பூர் தடைசெய்தது.

கேலப் கருத்துக்கணிப்பில் ஒருபால் திருமணத்துக்கு ஆதரவு 1996-இல் 27 சதவீதம், 2011-இல் முதல்முறையாகப் பாதியைத் தாண்டி 53, 2021-இல் 70. நியூயார்க் மாநிலம் 2011-இல் அதைச் சட்டமாக்கியது. அடுத்த வருஷம் ஜூனில் நார்த்ஸ்டாருக்கு சென்ட்ரல் பார்க்கில் கல்யாணம். பெரிய நிறுவனங்கள் நாடி பார்த்துத்தான் அடியெடுத்து வைக்கின்றன. யாரை வைத்துச் சொல்வது என்பதிலும் அதே கணக்கு. 2012-இல் கிரீன் லான்டர்ன் ஆலன் ஸ்காட் கே ஆனார், ஆனால் வேறொரு பூமியில் வாழும் ஆலன். அவருடைய காதலர் சாம் வந்த வேகத்தில் ரயில் விபத்தில் செத்தும் போனார். 2015-இல் ஐஸ்மேன், முதலில் கடந்த காலத்திலிருந்து வந்த சிறுவன் ஐஸ்மேன் மட்டும். அதையும் அவன் சொல்லவில்லை, ஜீன் கிரே அவன் மனசைக் கேட்காமலேயே படித்துச் சொன்னாள். அந்த வெறுப்பு ரசிகர்களிடம் இன்னும் இருக்கிறது, நியாயமும் கூட. 2021-இல் இருபாலீர்ப்பாளர் ஆன சூப்பர்மேன், கிளார்க்கின் மகன் ஜான். அதே வருஷம் ஆண் நண்பனோடு வெளியே போக ஒப்புக்கொண்ட ராபின், மூன்றாவது ராபின் டிம் டிரேக். கிளார்க்கும் (சூப்பர்மேன்) புரூஸும் (பேட்மேன்) பீட்டரும் (ஸ்பைடர்மேன்) சினிமாவுக்கும் பொம்மைக்கும் உரிமம் போன பெயர்கள், அவர்களை யாரும் தொட மாட்டார்கள்.

பழைய இதழ்களைத் தேடுகிறவர்களுக்கு ஒன்று. தொகுப்புகளில் பெரும்பாலும் வாசகர் கடிதங்களும் விளம்பரங்களும் இருக்காது. மனப்போக்கு மாறியது கதையில் தெரிவதைவிட அந்தக் கடிதப் பக்கத்தில் நன்றாகத் தெரியும். முடிந்தால் தனி இதழாக வாங்குங்கள்.

2005-இல் 'யங் அவெஞ்சர்ஸ்' தொடரில் வந்த விக்கன், ஹல்க்லிங் ஜோடி, காதலர்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தும், 2012-இல் 'சில்ட்ரன்ஸ் குருசேட்' ஒன்பதாம் இதழில்தான் பக்கத்தில் முத்தமிட்டுக்கொண்டார்கள். முழுக்க உடையணிந்த இரண்டு இளைஞர்கள். 2019 செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோ புத்தகக் காட்சியில் அதன் போர்ச்சுகீசியப் பதிப்பு விற்பதைக் கண்டு மேயர் மார்செலோ கிரிவெல்லா, இப்படிப்பட்ட புத்தகங்களைக் கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றி எச்சரிக்கை ஒட்டி விற்க வேண்டும் என்றார், ஆய்வாளர்களையும் அனுப்பினார். 'ஃபோல்யா டி சாவோ பாலோ' நாளிதழ் அந்த முத்தத்தை முதல் பக்கத்தில் போட்டது. உச்ச நீதிமன்றம் மேயரின் நடவடிக்கையைத் தடுத்தது. பெலிப்பே நெட்டோ என்ற யூடியூபர் தன்பாலீர்ப்பு பற்றிய 14,000 புத்தகங்களை வாங்கி, மேயர் கேட்டபடியே கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றி, மேலே ஒரு முத்திரையும் ஒட்டி, வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். பிற்போக்கானவர்களுக்கும் காலத்தால் பின்தங்கியவர்களுக்கும் இந்தப் புத்தகம் ஏற்றதல்ல என்று அதில் அச்சாகியிருந்தது.